கூத்துமாடத்துப் பக்கத்து ஆட்கள் படிக்க வேண்டிய இந்தோனேசிய ஆய்விதழ்கள்

நேராகவே சொல்லிவிடுகிறேன். சடங்கும் கூத்தும் ஒரு பக்கம், ரேடியோ, டிவி, யூடியூப் இன்னொரு பக்கம், இவை இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று எப்படிப் புகுந்து கிடக்கின்றன என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு, இன்றைக்குக் காசில்லாமல் கிடைப்பவற்றில் இந்தோனேசியா பற்றிய ஆய்விதழ்களைப் போல வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் பள்ளியில் பாடம் நடத்துகிற எனக்கு ஜாவாத் தீவோடு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. சம்பந்தம் நிறையவே இருக்கிறது, அங்கேயும் தோல்பாவையில் ஆடும் நிழற்கூத்து உண்டு. பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்தை ஒரு ராத்திரியாவது உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த இதழ்களைத் திறந்த முதல் பக்கத்திலேயே அது புரிந்துவிடும்.

முதலில் என்னென்ன கிடைக்கிறது என்று சொல்கிறேன். ஜாவாவின் யோக்யகர்த்தா நகரத்தில் இருக்கும் கஜா மடா பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் புலம் நடத்தும் ஹூமானியோரா, 1989-இலிருந்து வருகிறது. இந்தோனேசியப் பல்கலைக்கழகத்தின் வாச்சனா 1999-இல் தொடங்கியது, இதில் இப்போது கட்டுரைகள் ஆங்கிலத்தில் வருவதால் நமக்குச் சௌகரியம். நெதர்லாந்திலிருந்து வரும் பெய்த்ராகன் என்ற இதழ் 1853-இல் ஆரம்பித்தது, டச்சுக்காரர் ஆட்சியின் கணக்குவழக்குப் பார்வையில் பிறந்த இதழ் இன்றைக்கு யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்து கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் ஆர்ச்சிப்பெல் 1971-இலிருந்து வருகிறது, பழைய இதழ்கள் ஸ்கேன் செய்து போடப்பட்டிருக்கின்றன. அப்புறம் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1966-இல் தொடங்கிய இந்தோனேசியா இதழ், இதிலும் பழைய இதழ்கள் இலவசம். இவை போக கருடா என்று அந்த நாட்டு அரசே நடத்தும் தேடுதளம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு சொல்லைப் போட்டுத் தேடினால், சின்னச் சின்ன ஊர்க் கல்லூரிகள் நடத்தும் இதழ்களெல்லாம் வந்து விழும். இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஆய்விதழ்கள் அதிகமுள்ள நாடுகள் என்று கணக்கெடுத்தால் இந்தோனேசியா முன்வரிசையில் நிற்கும் நாடு.

இவ்வளவு குவிந்ததற்கு ஒரு காரணம் உண்டு, அதுவே இவற்றின் பெரிய குறைக்கும் காரணம். 2012-இல் அந்நாட்டு உயர்கல்வித் துறை, பட்டம் வாங்க வேண்டுமானால் மாணவர்கள் இதழில் கட்டுரை போட்டாக வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது. ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கும் கட்டுரைதான் கணக்கு. ஆகவே கல்லூரிக்குக் கல்லூரி, துறைக்குத் துறை ஓர் இதழ் முளைத்தது. இதில் பதர் நிறைய. சின்ன இதழ்கள் பலவற்றில் ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகளாக வரும்: ஒரு சடங்கை எடுத்துக்கொள்வது, அதில் வரும் பூ, சோறு, தேங்காய் ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்று பட்டியல் போடுவது, பிரெஞ்சு அறிஞர் ஒருவர் பெயரை நடுவில் வைப்பது, பண்பாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிப்பது. சடங்கு செய்த அம்மா என்ன சொன்னாள், செலவை யார் கொடுத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர் ஏன் வரவில்லை, இதெல்லாம் இருக்காது. 2017-இல் வந்த சிந்தா என்ற தரவரிசையில் இதழ்களை ஒன்றிலிருந்து ஆறுவரை பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு படிகளில் இருப்பதைப் படித்தால் நேரம் வீணாகாது. ஆனாலும் ஒரு குக்கிராமத்துச் சடங்கைப் பற்றி உலகத்திலேயே ஒரே ஒரு கட்டுரைதான் இருக்கும், அது கடைசிப் படியில் கிடக்கும் இதழில் இருக்கும். அப்போது அதைத்தான் படித்தாக வேண்டும்.

சரி, சரக்குக்கு வருகிறேன்.

நம் ஊர்க் கூத்துமாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கு எதிரே, பகவதியைப் பார்த்தபடி கட்டிய நீளமான மேடை. வெள்ளைத் திரை, அடியில் கறுப்புத் துணி. திரைக்குப் பின்னால் வரிசையாக இருபத்தொரு விளக்கு. தாரிகன் என்ற அசுரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்கு, அதைப் பாவையில் ஆடிக் காட்டுவதுதான் கூத்து. பாடுவது கம்பன் பாட்டு. ஏழு ராத்திரி, பதினாலு, இருபத்தொன்று, கோயிலைப் பொறுத்து அதற்கு மேலும் போகும். நடு ராத்திரி தாண்டினால் திரைக்கு முன்னால் அநேகமாக ஒருவரும் இருக்க மாட்டார்கள். இந்தப் பக்கம் ஒரு நாய் சுருண்டு படுத்திருக்கும். அந்தப் பக்கம் வியர்வை வழிய, எண்ணெய்ப் புகையில் கண் சிவக்க, பாவையை ஆட்டிப் பாடும் புலவர் கும்பகர்ணனுக்காக வாதாடிக்கொண்டிருப்பார், பாட்டுக்கு உரை, உரைக்குள் ஒரு கிளைக்கதை, கிளைக்கதைக்குள் ஒரு தர்க்கம் என்று விரித்துக்கொண்டே போவார், ஒரு வரியைக்கூட விடமாட்டார். ஒரு முறை ஒரு வயதான புலவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “ஆளில்லேன்னா என்ன டீச்சர், பகவதி கேக்கறா அல்லோ” என்றார்.

நம் பத்திரிகைகள் இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஒரே பாட்டுதான்: அழிந்துவரும் கலை, ஆளில்லா அரங்கு, அரசு கவனிக்குமா. விதிவிலக்காக ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996-இல் இந்தக் கூத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார், பார்க்க ஆளில்லாமல் ஆடுவது என்றால் என்ன என்று திரைக்குப் பின்னால் உட்கார்ந்து விசாரித்தவர் அவர். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை நம் பக்கத்தில் தூக்கிச் சுமந்தவர்கள் குறைவு. ஜாவாவில் அப்படியில்லை. அங்கே அது ஐம்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு. ஏ. எல். பெக்கர் என்ற மொழியியலாளர் 1979-இலேயே, வயாங் என்ற நிழற்கூத்துக்கு முக்கியமான பார்வையாளர்கள் கண்ணுக்குத் தெரியாதவர்கள்தான் என்று எழுதிவிட்டார்: தெய்வங்கள், பூதங்கள், முன்னோர்கள். முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் அதற்கு அடுத்த வரிசை. அந்த வயதான புலவர் சொன்னதும் இதேதான். அங்கிருந்து ஆரம்பித்து அடுத்த அடி எடுத்து வைத்திருப்பதுதான் இந்த இதழ்களின் பெருமை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டம் ரேடியோவில் கேட்குமா? டிவியில் பார்க்குமா? நேரலையில் வருமா?

வயாங்கைப் பற்றி இரண்டு வரி, தெரியாதவர்களுக்காக. எருமைத்தோல் பாவை, ஒரே விளக்கு, ஒரே ஆட்டக்காரர். அவருக்குப் பெயர் டாலாங். ராத்திரி உட்கார்ந்தால் விடியும்வரை எழுந்திருக்க மாட்டார், எல்லாப் பாத்திரத்துக்கும் அவர்தான் குரல், பின்னால் இருக்கும் கமெலான் வாத்தியக் கூட்டத்தையும் அவரே நடத்துவார். கதை பெரும்பாலும் பாரதம், சிலசமயம் ராமாயணம். ஆடுகிறவர், பார்க்கிறவர், செலவு கொடுக்கிறவர் எல்லாருமே அநேகமாக முஸ்லிம்கள். பாண்டவர்களுக்குப் பணியாளாக செமார் என்று ஒரு தொந்திக் கிழவன், அவனுடைய பிள்ளைகளாக காரெங், பெத்ருக், பாகோங். வியாசருக்குத் தெரியாதவர்கள் இந்த நாலு பேரும். நடு ராத்திரிக்குப் பிறகு இவர்கள் வந்தால் ஊர் விழித்துக்கொள்ளும். விலைவாசி, லஞ்சம், பக்கத்துத் தெருச் சண்டை எல்லாம் இவர்கள் வாயில் வரும். யுனெஸ்கோ 2003-இல் வயாங்கை மனித குலத்தின் பாரம்பரியம் என்று அறிவித்தது.

இந்தோனேசிய அரசு வானொலி 1945-இல் தொடங்கியது, விடிய விடிய வயாங்கை ஒலிபரப்புவது அதன் வழக்கமாகிவிட்டது. யோசித்துப் பாருங்கள், நிழற்கூத்து ரேடியோவில்! நிழலே இல்லை, குரலும் வாத்தியமும் மட்டும். ஆனாலும் கேட்டார்கள், வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவர்களும் கேட்டார்கள், ஏனென்றால் பாவையின் அசைவு அவர்களுக்குக் குரலிலேயே தெரியும். 1990-களில் இண்டோசியார் தொலைக்காட்சி ராத்திரி முழுக்க வயாங் போட்டது. மந்தெப் சுதர்சோனோ என்ற பெரிய டாலாங் தலைவலி மாத்திரை விளம்பரத்தில் வந்து வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். 2021-இல் அவர் இறந்தபோது அந்த விளம்பரத்தையும் சொல்லித்தான் ஜனங்கள் அழுதார்கள். கலை கெட்டுப்போச்சு என்று புலம்பியவர்கள் அங்கேயும் உண்டு. கோமாளிக் காட்சி நீண்டுகொண்டே போகிறது, மேடையில் சினிமாப் பாட்டுப் பெண்களும் காமெடியன்களும் ஏறிவிட்டார்கள், கதைக்கே நேரமில்லை என்று.

இந்தப் புலம்பலை அப்படியே வாங்கி எழுதாத ஒரு கட்டுரைதான் என்னை இந்த இதழ்களுக்குள் இழுத்துப் போட்டது. யான் மிராசெக் என்பவர் கார்னெல் இதழில் 1999-இலும் 2000-இலும் இரண்டு பகுதியாக எழுதியது. கோமாளிக் காட்சிகள் ஏன் பெருத்தன என்பதே விஷயம். பழைய ரசிகர்களின் வருத்தத்துக்கு அவர் மரியாதை கொடுக்கிறார், ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. வயாங் என்பது எப்போதுமே அந்த ராத்திரி, அந்த ஊர், அந்த வீட்டுக்காரர், எதிரே நிற்கும் கூட்டம் இவற்றோடு சேர்ந்துதான் வயாங், அதை வெளியே பிடுங்கி வைத்துத் தூய்மை பார்க்க முடியாது என்று, ஆட்டத்துக்குள்ளே நின்று காட்டுகிறார். இலக்கியம், இசை, சமூகவியல், ஊடகம் என்று நான்கு துறையும் ஒரே கட்டுரையில் வேலை செய்கின்றன. எதுவும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை.

செனோ நுக்ரோஹோ என்ற டாலாங்கின் கதையும் இப்படி எழுத வேண்டிய ஒன்றுதான். யோக்யகர்த்தாக்காரர், பாகோங் பாவையை எடுத்தால் கூட்டம் அலறும். அவருடைய ஆட்டங்களை யூடியூபில் நேரலையாகப் போட ஆரம்பித்ததும் ஹாங்காங்கிலும் தைவானிலும் வீட்டுவேலை, ஆலைவேலை பார்க்கும் ஜாவாக்காரர்கள் ராத்திரி கூடிவிட்டார்கள். கொரோனாவில் ஊர்க்கூட்டம் தடையானபோது குறைந்த ஆட்களை வைத்துச் சின்னதாக ஆடி அதையும் நேரலை செய்தார்கள், ரசிகர்கள் அனுப்பிய பணத்தில் வாத்தியக்காரர்களின் அடுப்பு எரிந்தது. 2020 நவம்பர் 3 அன்று, ஐம்பது வயதுகூட ஆகாத செனோ இறந்துபோனார். எதிரே ஒருவரும் இல்லாத மேடை, எங்கேயோ தூர தேசத்தில் ஆயிரக்கணக்கான காதுகள். நம் கூத்துமாடத்திலும் எதிரே ஆளில்லை. ஆனால் நம் புலவருக்குக் கேட்பவர் யார் என்பது உறுதியாகத் தெரியும், செனோவுக்குத் திரையில் ஓடும் எழுத்துகளில்தான் தெரிந்தது. இரண்டும் ஒன்றா, வேறா? என்னால் இந்தக் கேள்வியை விட முடியவில்லை.

சடங்குப் பக்கம் இன்னும் ஆழம். ருவாத்தான் என்று ஒன்று செய்வார்கள். ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவர்கள், இன்னும் சில வகையில் பிறந்தவர்கள், பத்தாரா காலாவுக்கு இரையாகும் ஆபத்தில் இருப்பதாக நம்பிக்கை. காலா, சிவனுடைய பிள்ளை. அந்தத் தீட்டைக் கழிக்க, அதற்கென்று தகுதி பெற்ற டாலாங் காலாவின் கதையை ஆடி, மந்திரம் சொல்லி, பிள்ளையின் தலையில் ஒரு கொத்து முடியை வெட்டித் தண்ணீரில் விடுவார். இன்றைக்குப் பல குடும்பங்கள் செலவைப் பகிர்ந்து, ஒரே மேடையில் கூட்டாகச் செய்துகொள்கிறார்கள். அதைப் படமும் பிடிக்கிறார்கள். காலா கதையைக் கேமராவில் பிடிக்கலாமா, பிடித்ததைத் தீட்டுள்ளவர்கள் வீட்டில் போட்டுப் பார்த்தால் பலிக்குமா என்று சாமி வந்து அருள்வாக்குச் சொல்லும் நம் பக்கத்து வெளிச்சப்பாடுகளிடமும் கேட்கத் தோன்றுகிறது.

பாலித் தீவின் ஞெப்பி என்ற மௌனத் திருநாள் அதற்கு நேர் எதிர்த் திசை. சக வருஷப் பிறப்பு, சில வருஷங்களில் நம் அண்டை வீட்டுத் தெலுங்கர்களின் உகாதி அன்றே வரும். முந்தின ராத்திரி ஓகோ ஓகோ என்ற ராட்சத பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே கத்தி ஆர்ப்பாட்டம் செய்யும். விடிந்தால் தீயில்லை, வேலையில்லை, பயணமில்லை, கேளிக்கையில்லை. விமான நிலையமே ஒரு நாள் மூடிக்கிடக்கும். டிவி, ரேடியோ ஒளிபரப்பு கிடையாது. 2018-இலிருந்து செல்போன் இணையத்தையும் நிறுத்திவிட்டார்கள், ஆஸ்பத்திரி போன்ற அவசர இடங்களுக்கு மட்டும் விலக்கு. ஊடகத்தை அணைப்பதே சடங்கின் ஓர் அங்கமாகிவிட்டது! பாலியில் இருக்கும் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், சுற்றுலாக்காரர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள், மௌனம் யாருடைய உரிமை என்று விவாதம் நீளும்.

2014-இல் ஏஎன்டிவி என்ற அந்நாட்டுத் தொலைக்காட்சி நம் வடநாட்டு மகாபாரதத் தொடரை மொழிமாற்றிப் போட்டபோது இந்தோனேசியாவே கிறங்கிப்போனது, நடிகர்கள் ஜகார்த்தாவுக்குப் போய் ராஜ உபசாரம் வாங்கினார்கள். வயாங்கில் திரௌபதி தருமனுக்கு மட்டும்தான் மனைவி. தொடரில் ஐந்து பேருக்கு. செமாரையும் காணோம். எது சரியான பாரதம் என்ற பேச்சு ஜாவா வீடுகளில் எப்படி நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே இனிப்பாக இருக்கிறது. கம்பனை மலையாள நாட்டில் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுசா என்ன.

தமிழர்களைப் பற்றியும் இருக்கிறது, ஆனால் தேடித்தான் எடுக்க வேண்டும். சுமத்ராவின் பாருஸ் பக்கம் லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அதில் வரும் ஐந்நூற்றுவர் வணிகக் குழு, அதே சுமத்ராவின் காரோ இனத்தில் செம்பிரிங் குலத்துக்குள் சோலியா, பாண்டியா என்ற கிளைகள், மேதான் நகரத்தில் 1884-இல் கட்டிய மாரியம்மன் கோயில், 2005-இல் திறந்த அன்னை வேளாங்கண்ணி ஆலயம். தோட்டக் கூலியாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு எந்த மொழியில் சாமி கும்பிடுகிறார்கள் என்பதை விவரமாக எழுதியவர்கள் போதாது. இது எனக்கு உண்மையான ஏமாற்றம்.

இன்னொரு குறை கனமானது. 1965-66-இல் கம்யூனிஸ்டுகள் என்று சொல்லி ஐந்து லட்சம் பேருக்குக் குறையாமல் கொன்றார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. இடதுசாரிப் பண்பாட்டு அமைப்போடு இருந்த டாலாங்குகளும் சிறைக்குப் போனார்கள். ஒரு கலை ஏன் ஒரு தலைமுறை அடக்கி வாசித்தது என்பதை இதைச் சொல்லாமல் எழுத முடியாது. உள்நாட்டுச் சின்ன இதழ்கள் பல இந்த இடம் வந்தால் சட்டென்று தாண்டிவிடுகின்றன. கார்னெல் இதழ் தாண்டாது. அந்தப் படுகொலைக்கு முந்தைய சம்பவங்களைப் பற்றி அரசு சொன்னதை மறுத்து எழுதிய பெனடிக்ட் ஆண்டர்சன் 1972 முதல் 1998 வரை நாட்டுக்குள்ளேயே விடப்படவில்லை, அவர் வளர்த்த இதழ் அது. ஒரே விஷயத்தை இரண்டு பக்கத்து இதழ்களிலும் எடுத்துப் படிப்பது நல்லது.

வசதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதிவு, பாஸ்வேர்ட் எதுவும் கேட்காமல் பிடிஎஃப் இறங்கிவிடும், எங்கள் ஊர்ப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில் சிக்னல் இருக்கும் மூலையில் நின்றால் போதும். சில தளங்கள் நாள் கணக்கில் திறக்காது, திறந்தால் பழைய இதழின் இணைப்பு வேலை செய்யாது. அதனால் பிடித்ததைக் கண்டவுடன் இறக்கி வைத்துவிடுவேன். காசு வாங்கும் மேல்நாட்டுப் பதிப்பகம் ஒன்று ஒரே கட்டுரைக்கு முப்பது டாலருக்கு மேல் கேட்டது, ஒரு வாரத்து மளிகைக்கு ஆகும் பணம். இந்தோனேசிய மொழிக் கட்டுரைகளைக் கருவி வைத்து ஆங்கிலமாக்கினால் நன்றாகவே படிக்க முடிகிறது, நேரே தமிழாக்கினால் பாதி வாக்கியம் தலைகீழாக நிற்கும். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். பெரிய இதழ்களுக்கு மட்டும் என்றால் ஐந்தும் கொடுப்பேன்.

சித்தூரில் கொங்கன்படை என்ற திருவிழா நடக்கிறது, கொங்குப் படையை விரட்டிய நினைவுக்கு. அதை வேடிக்கை பார்த்து, செல்போனில் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புகிறவர்களில் நிறையப் பேர் வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ். தோற்ற பக்கத்து மொழியைப் பேசிக்கொண்டு ஜெயித்த பக்கத்துத் திருவிழாவில் நிற்பது எப்படி இருக்கும் என்று இதுவரை நம்மில் யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. ஜாவாக்காரர்கள் தங்கள் ஊர்த் திருவிழா ஒவ்வொன்றையும் இப்படிக் கிண்டிக் கிளறி வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. கூத்துக் குடும்பத்துப் பிள்ளைகள், பாலக்காட்டிலும் கோயமுத்தூரிலும் கல்லூரியில் படிக்கிறவர்கள், தமிழிலோ மலையாளத்திலோ எழுதட்டும், யார் எழுதினாலும் நான் படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுக்கத் தயார்.

படிக்கத் தொடங்குகிறவர்கள் கார்னெல் இதழின் 68-ஆம் எண்ணிலிருந்து தொடங்குங்கள், மிராசெக்கின் முதல் பகுதி அதில் இருக்கிறது, அடுத்த பகுதி 69-இல். அதைப் படிக்கும் முன் யூடியூபில் செனோவின் ஒரு முழு ராத்திரி ஆட்டத்தைப் போட்டு, பாகோங் வரும் இடம்வரை பொறுமையாகப் பாருங்கள். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை, சிரிப்பு எங்கே வெடிக்கிறது என்று கவனித்தால் போதும், கட்டுரை தானாகத் திறந்துகொள்ளும்.